குழாயை மடக்கிப் பிடித்த கை

— கையை எடுங்கண்ணே. வயித்துக்குப் போற குழாயை இப்படி மடக்கிப் பிடிச்சா கஞ்சி எப்படி உள்ளே இறங்கும்?

— வேணாம்.

— காலையில ஊத்துனது வெறும் பாலு. இப்ப உச்சிப்பொழுதாச்சு. வயிறு காஞ்சு கிடந்தா அப்பறம் நீங்கதான் முனகுவீங்க.

— வேணாம்னு சொன்னேன்ல.

— நல்லாச் சொல்லுங்க நர்சம்மா. எங்க ஊரு எரியோட்டுல, வீட்டுல ஒரு வண்டிமாடு இருக்கு. அதுக்கும் இவுகளுக்கும் ஒரே கொணம். போக மாட்டேன்னு நெனச்சிருச்சுன்னா நடுரோட்டுல படுத்துக்கிரும்.

— நீங்க இந்தப் புனலைக் கொஞ்சம் பிடிங்கக்கா. தலைக்கு மேல தூக்காதீங்க, அவர் நெஞ்சுக்கு நேரா இருந்தாப் போதும். வேகமா இறங்குனா வயித்தைப் புரட்டும். அண்ணே, பெருமாள்சாமியண்ணே, என்னைப் பாருங்க. குழாயைச் சுத்தி எரியுதா?

— எரியும்.

— எரியத்தான் செய்யும். வயித்துத் தண்ணி கசிஞ்சு தோலை அரிச்சிருக்கு. சாயங்காலம் கழுவித் துடைச்சு, முட்டை வெள்ளையைத் தடவி விடுறேன். அதுக்காகவா இந்தக் கோவம்?

— இல்ல தாயி.

— கஞ்சி சுடும்னு பயமா? என் புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டேன். இளஞ்சூடுதான். துணியில ரெண்டு தரம் வடிகட்டியிருக்கேன், அடைக்காது.

— அது இல்ல.

— அப்ப எதுக்குத்தான் இப்படி?

— அவளக் கேளு.

— என்னைய என்ன கேக்குறது? நான் என்ன செஞ்சேன்?

— சாப்ட்டாளான்னு கேளு, தாயி.

— ஏங்க, இதென்ன புதுசா? நான் சாப்ட்டேன். காலையிலேயே வாசல்ல காப்பிக்கடையில இட்டிலி வாங்கித் தின்னேன். மல்லிச் சட்னி. எண்ணெயில்லாம வறவறன்னு இருந்துச்சு.

— பொய்.

— பொய்யா? நர்சம்மா, நீங்களே சொல்லுங்க. நான் சாப்ட்டதை நீங்க பாத்தீகல்ல?

— நான் பாக்கலையேக்கா.

— பாத்தேன்னுதான் சொல்லுங்களேன். ஒரு வார்த்தைக்கு என்ன வந்துருச்சு? இவுக கையை எடுத்துருவாக, நீங்களும் கஞ்சிய ஊத்திட்டு அடுத்த ஆளப் பாக்கப் போகலாம்.

— பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன்க்கா. கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா சாகக் கிடந்தப்ப, நல்லாயிரும் நல்லாயிரும்னு வீட்டுல எல்லாரும் சொன்னோம். அவரும் நம்பிட்டாரு. எங்ககிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணையும் சொல்லாமலே போயிட்டாரு. அந்த ஆத்தாமை எனக்கு இன்னும் அடங்கல. நோயாளி கட்டில்கிட்ட நின்னு நான் பொய் பேசுறதில்ல.

— என்னமோ போங்க. வேதக்காரவுக நீங்க, உங்களுக்கு ஒரு நியாயம்.

— அண்ணே, அக்கா சாப்பிடலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— காதர் பீவி. இவ நேத்து தண்ணித் தொட்டிக்கிட்ட மயங்கி விழுந்தாளாம்.

— அந்த ஆயாவுக்கு வாயில ஒண்ணும் தங்காது. வார்டைக் கூட்டுனமா போனமான்னு இருக்க மாட்டா.

— தொட்டிக்கிட்ட மயங்கி விழுந்தது நீங்கதானாக்கா? யேசுவே! யாரோ வழுக்கி விழுந்துட்டாங்கன்னுல்ல நான் நினைச்சேன். இங்க காட்டுங்க கையை. நாடியைப் பாக்குறேன். என்னைக்குச் சாப்ட்டீங்க கடைசியா?

— சாப்புடாம என்ன? காப்பி குடிக்கேன். வடிச்ச கஞ்சித்தண்ணி குடிக்கேன். ஒத்தக் கட்டைக்கு இது போதாதாக்கும்?

— சோறு எப்பத் தின்னீங்க?

— இவுக வயித்துல ஓட்டையப் போட்டு இந்த ரப்பரைச் செருகுனீகளே, அதுக்கு மொத நா.

— மாதாவே! ஏன்க்கா? உங்க மருமக தினமும் பஸ்ஸுல தூக்குச்சட்டி குடுத்து விடுதே, அதையெல்லாம் என்ன செய்றீங்க?

— ஆயாகிட்டக் குடுத்துருவேன். தின்னுட்டுத்தான் கோள் மூட்டியிருக்கா, பாத்தீகளா?

— ஏன்னு கேக்குறேன்.

— இவுக சாப்புடாம நான் எப்படிச் சாப்புடுறது?

— அவர்தான் சாப்பிடுறாரே. பால், முட்டை, கேப்பைக் கஞ்சி, எல்லாம் உங்க கையாலதான ஊத்துறீங்க?

— இதப்போயிச் சாப்பாடுன்னு சொல்றீகளே, நர்சம்மா! நாத்தங்காலுக்குத் தண்ணி பாச்சுற மாதிரி புனலை வச்சு ஊத்துறது சாப்பாடா? வாயில ஒரு பருக்கை படல. நாக்குல ஒரு கல்லு உப்புப் படல. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இவுக தின்ன வட்டில்லதான் போட்டுத் தின்னுருக்கேன். புகையிலை வெட்டு நடக்குறப்ப இருட்டித்தான் வீட்டுக்கு வருவாக. பசி கண்ணக் கட்டும். அப்பக்கூட இவுகளுக்கு முன்னால நான் கை நனைச்சதில்ல.

— ஒரு தரங்கூடவா?

— ஒரே ஒரு தரம்.

— அதச் சொல்லாத புள்ள.

— சொன்னாத்தான் நர்சம்மாவுக்கு வெளங்கும். மூத்தவன் அப்ப வயித்துல இருக்கான். மசக்கைப் பசி, என்னா பசிங்கிறீக! கம்பஞ்சோறும் கருவாட்டுக் கொழம்பும் அடுப்புல இருக்கு. பொறுக்க மாட்டாம ஒரு வாயி அள்ளிப் போட்டேன். அந்நேரம் பாத்துக் கொல்லையில இவுகளக் கட்டுவிரியன் புடுங்கிருச்சு. ஊரே கூடி இவுகளக் கட்டில்ல தூக்கியாருது. நான் வாசலுக்கு ஓடியாரேன். என் வாயில சோறு இருக்கு, நர்சம்மா. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல.

— பொழச்சேன்ல?

— பொழச்சீக. பழனியாண்டவன் தந்த பிச்சை. இன்னொரு தரமும் குடுப்பாரா?

— அக்கா, கட்டுவிரியனுக்கு நீங்க வீட்டுக்குள்ள என்ன தின்னீங்கன்னு தெரியுமா? இப்ப அண்ணனுக்குத் தொண்டைக்குழிக்குக் கீழ கட்டி வந்து அடைச்சிருக்கு. நீங்க முன்னாடி சாப்ட்டா வந்துச்சு? எத்தனை வருசமாப் புகையிலையை அதக்கிட்டுக் கிடந்தாரு.

— எங்க காட்டுப் புகையிலை. நல்ல காட்டம்.

— இப்பவும் பெருமையப் பாத்தீகளா!

— சிரிக்காதீங்கண்ணே, இருமல் வந்துரும். இந்தா, துப்புங்க இந்தக் குவளையில. மெதுவா. எச்சிலை உள்ளே இழுக்காதீங்க, அது இறங்க வழியில்ல, மூச்சுக்குழாய்க்குத் திரும்பிரும். அக்கா, அந்த உப்புத்தண்ணிக் கிண்ணத்தை எடுங்க. வாயைத் திறங்கண்ணே. நாக்கெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கு. துணி சுத்துன குச்சியால துடைக்கிறேன், கடிச்சுராதீங்க. உதட்டுக்குக் கொஞ்சம் கிளிசரின். ஆச்சு.

— நர்சம்மா, ஒண்ணு கேக்கட்டா? இவுகளுக்குக் கேக்காம, இப்படி வாங்க. மதராசுல கரண்டு வச்சாகளே. எங்க ஊருக்கு வெளக்குக் கரண்டே இப்பத்தான் வந்துச்சு, இவுக தொண்டைக்கே கரண்டு வச்சாக. அதுல அந்தக் கட்டி கரையலையா?

— கரையலக்கா.

— இனிமே கரையுமா?

— இல்ல.

— டாக்டரையா வேற மருந்து எதுவும்?

— அவர் கையிலயும் ஒண்ணும் இல்லக்கா. வாயைக் காயாம நனைக்கலாம். புண்ணைக் கழுவலாம். நிமித்தி உக்கார வைக்கலாம். வயித்துக்கு ஊத்தலாம். என்னால ஆகுறது அம்புட்டுத்தான். இந்தக் கட்டில்கிட்ட வரும்போதெல்லாம் எனக்கே கையைப் பிசையத்தான் தோணுது.

— எனக்குக் கேக்குது, தாயி. தொண்டைதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு.

— கேட்டுட்டீகளா?

— எனக்குத் தெரியாததா? அழுகாத புள்ள. சோத்தத் தின்னு.

— அண்ணே, ஒரு வழி சொல்றேன். ரெண்டு பேரும் கேளுங்க. இறங்கத்தான் வழியில்லையே தவிர, வாயில மெல்லலாம். மென்னு ருசி பாத்துட்டுத் துப்பிரணும். கொஞ்சூண்டு. பெறகு அந்த வட்டில்ல அக்கா சாப்பிடட்டும். வாயால சாப்ட்ட மாதிரியும் ஆச்சு, அக்கா முறைமையும் கெடாது. என்னக்கா?

— செய்யலாமா நர்சம்மா? அப்படிச் செய்யலாமா? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! இன்னைக்குக் கத்தரிக்கா புளிக்கொழம்பு குடுத்து விட்டுருக்கா. இந்தா, தூக்குச்சட்டி இங்கனதான் இருக்கு. ஆயா இன்னும் வந்து வாங்கிட்டுப் போகல.

— குழைச்சுப் பிசைங்க. முள்ளு, காம்பு எதுவும் இருக்கக் கூடாது. சுண்டைக்கா அளவு போதும். அண்ணே, மெல்லுங்க. முழுங்கிராதீங்க. தொண்டை தானாகவே இழுக்கப் பாக்கும், விடாதீங்க.

— எப்படி இருக்குங்க? புளிப்பு எறங்கியிருக்கா? கத்தரிக்கா நம்ம கொல்லைக் கத்தரிக்காதான்.

— இரு.

— மெல்லுறாக நர்சம்மா! பழையபடி தாடை அசையுது பாருங்க. எம்புட்டு நாளாச்சு இதப் பாத்து!

— போதும்ண்ணே, துப்புங்க. துப்புங்கன்னா. ஐயோ, இழுத்துட்டாரே! முன்னால குனிங்க. அக்கா, முதுகைப் பிடிங்க. இருமுங்கண்ணே, நல்லா இருமுங்க. வந்துருச்சு. வந்துருச்சு, பயப்படாதீங்க. மூச்சை விடுங்க.

— என்னங்க! என்னங்க! நர்சம்மா, துப்புனதுல செவப்பா இருக்கே.

— பாத்தேன்க்கா. கட்டியில உரசியிருக்கும். நான் சொன்னது தப்பு. இனி இது வேண்டாம்.

— உப்பில்ல.

— என்ன சொல்றாரு?

— உப்பில்லயாம், நர்சம்மா! கேட்டீகளா? மருமக சமையலக் கொறை சொல்றாக. அதெல்லாம் உப்பிருக்கு. அவ அளந்து போடுறவ. உங்க நாக்குத்தான் செத்துப் போச்சு.

— உப்பில்ல.

— சரி, இல்லன்னே வச்சுக்கங்க. சாப்ட்டுட்டீகல்ல? இப்ப நான் இந்த வட்டில்ல போட்டுத் தின்னுக்கிறேன். கையை எடுங்க. நர்சம்மா கஞ்சிய ஊத்தட்டும்.

— நான் எங்க சாப்ட்டேன்?

— இப்பத்தான மென்னீக?

— துப்பிட்டேன். குழாயில ஊத்துறது சாப்பாடில்லன்னா, துப்புனது மட்டும் சாப்பாடா? நீயே சொல்லு.

— வம்பு பேசுறீகளே.

— நான் சாப்புடல. இனிமே சாப்புடவும் மாட்டேன். நீ மொதல்ல தின்னு. எனக்கு முன்னால. தின்னாத்தான் குழாய விடுவேன்.

— மாட்டேன். அது மட்டும் என்னால ஆகாது. பாம்பு கடிச்சதுக்கப்பறமும் இப்படிச் சொல்றீகளே! நான் தின்னு, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?

— ஆகத்தான் போகுது.

— வாயக் கழுவுங்க.

— தாயி இப்பத்தான் கழுவுச்சு. ஏ புள்ள, இங்க வா. கிட்ட வா. சத்தம் போட முடியல. நான் போயிட்டா ஒனக்கு முன்னால தின்ன ஆள் ஏது? யாரு வட்டிலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப? பட்டினியாக் கெடந்து சாவியா? என் கண்ணு முன்னால ஒரு தரம் தின்னுரு. பழகிக்க. அப்பத்தான் எனக்கு ஆறும்.

— நர்சம்மா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?

— நான் என்னத்தைச் சொல்றதுக்கா? அவர் நாடி ரொம்பச் சன்னமா ஓடுது. கையெல்லாம் சில்லுனு இருக்கு. கஞ்சி உள்ளே போனாக் கொஞ்சம் தெம்பு வரும். நீங்க ஒரு வாய் சாப்ட்டாத்தான் அது போகும். எனக்கு வேற வழி தெரியல.

— ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீகளா? சரி. ஆனா இவுக பாக்க நான் தின்ன மாட்டேன். எனக்குக் கூச்சமா இருக்கு. முதுகக் காட்டி ஒக்காந்துக்கிறேன்.

— பாக்கணும்.

— பாக்கக் கூடாது. நான் தின்னுறது உங்க காதுல விழும்ல, அது போதும். நர்சம்மா, அடுத்த கட்டில்ல பாய் இருக்காரே. அவரு கண்ணுலயும் படும்ல?

— கிதர் முகம்மது பாய்க்கு நடுவுல தட்டி வச்சிருக்கேன், பாருங்க. நேத்துத்தான் அதுக்குப் புதுத் துணி தைச்சு மாட்டுனோம். ஊசிமுனை ஓட்டை கிடையாது. இங்கேயிருந்து அங்கே தெரியாது, அங்கேயிருந்து இங்கேயும் தெரியாது. நான் அந்தப் பக்கம் போய் அவருக்குத் தாடைக் கட்டு மாத்திட்டு, வாய் கொப்புளிக்க வச்சுட்டு வாரேன். செத்த நேரந்தான். அதுக்குள்ள சாப்பிடுங்கக்கா. அண்ணே, தலையணையில நல்லாச் சாஞ்சுக்குங்க. படுத்துறாதீங்க. கஞ்சியை இங்கேயே மூடி வைக்கிறேன்.

— போயிட்டாக. நர்சம்மாவையும் வெரட்டிட்டீக. இப்பத் திருப்திதான?

— தின்னு.

— இந்தா, திரும்பிக்கிட்டேன். பெசைஞ்சாச்சு. பழனியாண்டவா, ஏறுமயிலேறி வர்றவனே, இது நானாச் செய்யல. இவுக சொல்லித்தான் செய்யிறேன். அறியாத சிறுக்கியப் பொறுத்துக்க. வச்சுட்டேங்க. ஒரு வாயி வச்சுட்டேன்.

— உப்பிருக்கா?

— இருங்க, மெல்ல விடுங்க. அட, ஆமாங்க! உப்பு ஒரு கல்லுகூட இல்ல. நீங்க சொன்னதுதான் சரி. உங்க நாக்கு சாகலங்க.

— கேட்டீகளா, மருமக எந்த ஞாபகத்துல கொழம்பு வச்சான்னு தெரியல. நீங்க நல்லாயிருந்தா வட்டிலு முற்றத்துக்குப் பறந்திருக்கும்.

— ரெண்டாம் வாயும் வச்சுட்டேன். எறங்க மாட்டேங்குது. நெஞ்சுல நிக்குது. உங்களுக்கும் ஆரம்பத்துல இப்படித்தான இருந்துச்சு? சோறு நெஞ்சுல நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீக. சுக்கு வச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன், கூறுகெட்டவ.

— என்ன, சத்தத்தையே காணோம்? கோவம் போயிருச்சாக்கும். பேச வேணாம், தொண்டை வலிக்கும். கேட்டுக்கிட்டு இருங்க.

— எறங்குதுங்க. பசிச்சிருக்கு எனக்கு. தெரியவே இல்ல பாருங்க, இம்புட்டுப் பசின்னு. வெக்கமா இருக்கு. திரும்பிப் பாத்துறாதீக.

— என்னக்கா, சாப்ட்டீங்களா? வட்டில்ல பாதி காலியாயிருச்சே! நல்ல காரியம் பண்ணீங்க. பாருங்க, அண்ணனும் சொன்ன மாதிரியே கையை எடுத்துட்டாரு. குழாய் நிமிந்து கிடக்கு.

— எடுத்துட்டாகளா? சொன்ன சொல்லுத் தவற மாட்டாக. ஊத்துங்க நர்சம்மா. நான் கையக் கழுவிட்டு வந்து புனலப் புடிக்கிறேன்.

— இருங்கக்கா. அண்ணே. பெருமாள்சாமியண்ணே.

— தூங்குறாகளா? எழுப்ப வேணாம். தூக்கத்துலயே ஊத்துனா எறங்காதா?

— அண்ணே, இங்க பாருங்க. மாதாவே.

— ஏன் நாடியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீக? ஊத்துங்க. கஞ்சி ஆறிப் போகுதுல்ல?

— ஊத்த வேண்டாம்க்கா.

— ஏன் வேண்டாம்? நான்தான் தின்னுட்டேனே. தின்னா விடுறேன்னாக, விட்டுட்டாக. ஊத்துங்க நர்சம்மா!

— அக்கா, வட்டிலைக் கீழே வைங்க. என் கையைப் பிடிச்சுக்குங்க. அண்ணன் போயிட்டாரு.

— வாயில சோறு இருக்கு, நர்சம்மா. இன்னும் வாயில சோறு இருக்கு எனக்கு. அன்னைக்கு மாதிரியே.

— துப்புங்கக்கா. இந்தாங்க, என் கையில துப்புங்க.

— நான் முன்னால தின்னுட்டேன். தின்னேன், இவுக போயிட்டாக. எனக்குத் தெரியும், நான் சொன்னேன்ல? நான்தான் இவுகள.

— இல்லக்கா, இல்ல. என்னைப் பாருங்க. நீங்க முன்னாடி தின்னல. நான் பாத்தேன்.

— என்னத்தப் பாத்தீக?

— தட்டித் துணியில ஒரு கிழிசல் இருக்கு. அது வழியாப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க முதல் வாய் எடுக்குறதுக்கு முன்னாடியே அண்ணன் குழாயை விட்டுட்டாரு. அமைதியாப் போயிட்டாரு. அவருக்கு அப்பறந்தான் நீங்க சாப்ட்டீங்க. எப்பவும் போலத்தான்.

— வேணாம் நர்சம்மா. உங்க வாய்க்குப் பொய் பழகல. மொத வாயி வச்சப்ப, உப்பிருக்கான்னு கேட்டாக. இல்லன்னேன். நீங்க சொன்னதுதான் சரின்னேன். அதக் காதுல வாங்கிட்டுத்தான் கையை எடுத்தாக.